இங்குபேட்டரில் இருக்கும் குழந்தையை வெளியே எடுத்து மார்போடு கட்டிக்கொள்ளச் சொல்வது ஏன்?

தாமிரபரணிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது நாள்களுக்கு முன் எங்களுக்கு 31 வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது எடை 1,340 கிராம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருக்கிறாள். முதல் மூன்று நாள் மூக்கில் சி-பாப் (மூச்சுவிட உதவும்படி காற்றை மெல்லிய அழுத்தத்தோடு செலுத்தும் கருவி) வைத்திருந்தார்கள். இப்போது தானாக மூச்சு விடுகிறாள். வாய்வழிக் குழாயில் தாய்ப்பால் போகிறது.

பிறந்ததிலிருந்து இங்குபேட்டரில்தான் இருந்தாள். நேற்று முன்தினம் சிஸ்டர் என் மனைவியை அழைத்து, குழந்தையை எடுத்து மார்போடு மார்பாகக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் சாய்ந்திருக்கச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. "பெட்டி பற்றவில்லை, அதனால்தான் நம் பிள்ளையை வெளியே எடுக்கிறார்கள், காசு கட்டும் இடமாக இருந்தால் இப்படிச் செய்வார்களா?" என்று என் மாமியார் கேட்கிறார். அவருக்கு "ஏழு மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாதத்துப் பிள்ளை தங்காது" என்ற பயம் வேறு. கடன் வாங்கியாவது தனியார் மருத்துவமனைக்கு மாற்றிவிடலாமா என்ற அளவுக்கு வந்திருக்கிறோம்.

அந்தப் பெட்டி உண்மையில் என்ன செய்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. அது தெரிந்தால்தான் வெளியே எடுப்பது சரியா தவறா என்று என்னால் யோசிக்க முடியும். தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்குங்கள்.

---

வைகைச் செவிலி

தம்பி, முதலில் மனைவியையும் குழந்தையையும் நலம் விசாரித்ததாகச் சொல்லுங்கள். இத்தகைய பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உங்கள் மாமியார் கேட்ட கேள்வியை மாதத்துக்கு நான்கைந்து பேராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். ஆகவே அவர்மீது வருத்தப்பட வேண்டாம்.

பெட்டி குழந்தையைச் சூடாக்குகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். குழந்தையின் உடல்சூடு வெளியேறும் வழிகளை அடைப்பதே அதன் முதல் வேலை. குறைமாதக் குழந்தைக்கு உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிக அதிகம். தோலுக்கு அடியில் கொழுப்பு இல்லை. தோலோ எண்ணெய்த்தாளைப் போல மெல்லியது, உள்ளிருக்கும் நீர் அதன் வழியே ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஆவியாகும் நீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். குளிர்ந்த எடைத்தட்டில் கிடத்தினால் தட்டுக்குச் சூடு போகும். ஏசி காற்று பட்டால் காற்றோடு போகும். எதுவும் தொடாமலே, அருகிலிருக்கும் குளிர்ந்த சுவரை நோக்கியும் சூடு போய்க்கொண்டிருக்கும். இந்தக் கடைசி வழியைத்தான் பலர் அறிவதில்லை.

பெரியவர்களாகிய நாம் குளிர்ந்தால் நடுங்குகிறோம். நடுக்கமே சூட்டை உண்டாக்கும். பிறந்த குழந்தைக்கு நடுங்கத் தெரியாது. அது தோள்பட்டைகளுக்கு இடையிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு தேட வேண்டும். அந்தக் கொழுப்பு கருப்பையின் கடைசி மாதங்களில் சேர்வது; உங்கள் மகளுக்கு அது சேரும் முன்பே வெளியே வந்துவிட்டாள். குளிர்ந்துவிட்டால் அவள் பிராணவாயுவையும் இரத்தச் சர்க்கரையையும் அதற்கே செலவழிப்பாள். மூச்சுத்திணறல் கூடும், சர்க்கரை இறங்கும், குடித்த பால் எடையாகச் சேராது.

அக்குளில் வைத்துப் பார்க்கும் வெப்பநிலை 36.5 முதல் 37.5 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. கருவி இல்லாமலும் பார்க்கலாம். புறங்கையால் முதலில் வயிற்றையும் பிறகு பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால், குழந்தை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

எட்டு மாதக் கதையைப் பற்றி ஒரே வரி: கருப்பையில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். 28 வாரத்துக் குழந்தையைவிட 31 வாரத்துக் குழந்தைக்கு வாய்ப்பு அதிகம். இதை மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

---

கருவி பழுதுபார்ப்பவன்

மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் பணியில் இருப்பவன் என்பதால் பெட்டியின் உட்புறத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

படுக்கைக்கு அடியில் ஒரு சூடேற்றியும் விசிறியும் இருக்கின்றன. வெளிக்காற்று வடிகட்டி வழியாக உள்ளே இழுக்கப்பட்டு, சூடாகி, தேவையானால் நீராவியும் சேர்ந்து, குழந்தையைச் சுற்றி மெல்லச் சுழல்கிறது. மிகச் சிறிய குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் ஈரப்பதத்தை 70, 80 விழுக்காடு வரைகூட வைப்பார்கள். தோல் தடிக்கத் தடிக்கக் குறைத்துக்கொண்டே வருவார்கள். அந்த நீர்த்தொட்டியை ஒழுங்காகச் சுத்தம் செய்து நீரை மாற்றாவிட்டால் கிருமி வளர்ந்து அதுவே நோய்க்கு வழியாகிவிடும் என்பதால், நான் பணிக்குப் போகும் இடங்களில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

செவிலி அம்மா சொன்ன "குளிர்ந்த சுவர்" பெட்டியின் சுவருக்கும் பொருந்தும். உள்ளே காற்று சூடாக இருந்தாலும், ஏசி அறையில் ஒற்றைச் சுவர்ப் பெட்டியின் அக்ரிலிக் தகடு குளிர்ந்துவிடும். குழந்தை அதை நோக்கிச் சூட்டை இழந்துகொண்டிருக்கும். இதற்காகவே இரட்டைச் சுவர்ப் பெட்டிகள் வந்தன. இரு தகடுகளுக்கு நடுவே வெதுவெதுப்பான காற்று ஓடுவதால் உட்சுவர் குளிர்வதில்லை. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. சன்னலோரம் வெயில் படும்படி பெட்டியை வைத்தால், வெயிலில் நிறுத்திய காரைப் போல உள்ளே சூடு ஏறிவிடும்; சூடேற்றி அணைந்திருந்தாலும் ஏறும்.

சூட்டைக் கட்டுப்படுத்த இரு முறைகள் இருக்கின்றன. ஒன்றில் காற்றின் வெப்பநிலையை, குழந்தையின் எடைக்கும் வயதுக்கும் ஏற்ப நாமே நிர்ணயிக்கிறோம். மற்றொன்றில் குழந்தையின் வயிற்றில் ஒட்டிய உணரி தோலின் வெப்பநிலையைச் சொல்ல, அதற்கேற்பப் பெட்டி தானே சூட்டைக் கூட்டிக் குறைக்கிறது. இரண்டாவது முறை வசதியானது; ஆனால் பெட்டி அந்த உணரியை முழுக்க நம்புகிறது. ஒட்டு கழன்றுவிட்டால் உணரி வெறும் காற்றை அளந்து "குழந்தை குளிர்ந்துவிட்டது" என்று சொல்லும். சூடேற்றி ஏறிக்கொண்டே போகும். குழந்தை உணரியின் மேலேயே படுத்துவிட்டால் நேர்மாறாக நடக்கும். ஆகவே பெற்றோர் உள்ளே கைவிடும்போது அந்தக் கம்பியை இழுத்துவிடாமல் இருப்பது முக்கியம்.

---

ஐயன்பேட்டை

இவ்வளவு நுட்பமான கருவியின் வேலையை ஒரு தாயின் நெஞ்சு செய்துவிடும் என்றால் நம்பச் சற்றுக் கடினமாக இருக்கிறது. வடிகட்டிய காற்று, அளந்த ஈரப்பதம், நொடிக்கு நொடி கண்காணிக்கும் உணரி என்றெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு "வெளியே எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்" என்றால் தாமிரபரணிக்காரரின் மாமியாருக்கு வரும் சந்தேகம் நியாயமானதே. இது செலவைக் குறைக்க வந்த ஏற்பாடுதானே? மழுப்பாமல் யாராவது பதில் சொல்லுங்கள்.

---

பச்சிளங்குழந்தை மருத்துவன்

மழுப்பாமலே சொல்கிறேன். இந்த முறை பற்றாக்குறையில்தான் பிறந்தது. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978-இல் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் பணியாற்றிய மருத்துவமனையில், ஒரே இங்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்த வேண்டியிருந்தது; ஒன்றின் தொற்று மற்றொன்றுக்குப் பரவியது. வேறு வழியின்றித் தாய்மாரின் மார்போடு குழந்தைகளைக் கட்டத் தொடங்கினார்கள். கங்காரு பராமரிப்பு என்ற பெயர் பின்னர் நிலைத்தது. ஆகவே உங்கள் சந்தேகத்தின் வேர் சரியானது.

ஆனால் கதை அங்கே நின்றுவிடவில்லை. பல ஆண்டுகளாக நாங்களெல்லாம் செய்துவந்தது என்னவென்றால், குழந்தையை முதலில் இங்குபேட்டரிலோ வார்மரிலோ (மேலிருந்து சூடூட்டும் திறந்த படுக்கை) வைத்து நிலைப்படுத்தி, பிறகே தாயிடம் கொடுப்பது. பிறந்தவுடனே தொடங்கினால் என்ன ஆகும் என்று அறிய, உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடத்தியது. நம் நாட்டில் அது தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் நடந்தது. 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பிறந்தவுடன் தொடங்கிய குழுவில் குழந்தைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் மார்பில் இருந்தார்கள். மற்றக் குழுவில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாள்களில் அது ஒன்றரை மணி நேரம்தான். 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 12 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 15.7 விழுக்காடு. நன்மை தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைத் திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தினார்கள். முடிவு 2021-இல் வெளிவந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையையே மாற்றிக்கொண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: இரண்டாம் குழுவினர் பெட்டி கிடைக்காத குழந்தைகள் அல்லர். இங்குபேட்டரும் வார்மரும் கிடைத்த குழந்தைகளோடு ஒப்பிட்டபோதுதான் இந்த வேறுபாடு தெரிந்தது. ஆகவே "பெட்டி இல்லாதவர்களுக்கு நெஞ்சு" என்ற கணக்கு இன்று பொருந்தாது.

அதே வேளையில் இந்த முடிவை எல்லாக் குழந்தைகளுக்கும் நீட்டிவிடக் கூடாது. தானாக மூச்சு விட இயலாத குழந்தைகள் அந்த ஆய்வில் இல்லை; 1,000 கிராமுக்குக் குறைந்தவர்களும் இல்லை. 27 வாரத்தில் 850 கிராமில் பிறந்த குழந்தைக்கு, தோல் வழியே நீர் போவதைத் தடுக்கும் அந்த ஈரப்பதமான பெட்டி முதல் நாள்களில் இன்றியமையாதது. உங்கள் மகள் 31 வாரம், 1,340 கிராம், தானாக மூச்சு விடுகிறாள். உங்கள் சிஸ்டர் சொன்னது மிகச் சரி.

கருவிக்காரர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தோல் உணரி முறையில் பெட்டி ஒரு காய்ச்சலையே மறைத்துவிடும். குழந்தைக்குத் தொற்றால் சூடு ஏறினால், பெட்டி தன் காற்றைக் குளிர்வித்துத் தோலைப் பழைய அளவிலேயே நிறுத்திவிடும். குறிப்பேட்டில் குழந்தையின் வெப்பநிலை நேர்கோடாக இருக்கும். அனுபவமுள்ள செவிலியர் அதனால்தான் குழந்தையின் வெப்பநிலையோடு பெட்டிக் காற்றின் வெப்பநிலையையும் எழுதுவார்கள். நேற்று 33 பாகையில் இருந்த காற்று, காரணமில்லாமல் இன்று 30-க்கு இறங்கியிருந்தால் எங்களுக்கு அழைப்பு வரும்.

---

பழைய ஏடுகள்

இந்த இழையில் எல்லோரும் "பெட்டி" என்று எழுதுகிறார்கள். என் பாட்டி அதை "அடைகாக்கிற பெட்டி" என்பார். அவர் அறியாமலே வரலாற்றைச் சொல்லிவிட்டார் என்று தோன்றுகிறது. பாரிஸ் மகப்பேற்று மருத்துவமனையின் ஸ்டெஃபான் தார்னியே, அந்நகரின் விலங்குப் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிகளைப் பார்த்துத்தான் குழந்தைகளுக்கும் அப்படியொன்று செய்யச் சொன்னார். 1880-களின் தொடக்கத்தில் அது பயன்பாட்டுக்கு வந்தது. அடியில் சுடுநீர்த் தொட்டி, மேலே குழந்தைகள். பிரெஞ்சு மொழியில் அதற்கு இட்ட பெயரும் அடைகாக்கும் கோழியைக் குறிக்கும் சொல்தான். 2,000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளின் இறப்பு 66 விழுக்காட்டிலிருந்து 38 விழுக்காடாக இறங்கியதாக அங்கிருந்து வெளியான கணக்கு சொல்கிறது.

அவருடைய மாணவர் பியேர் புதேன் இன்னொன்றைக் கண்டார். குழந்தையைப் பெட்டியில் வைத்துத் தாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், சில வாரங்கள் கழித்துத் தாய்க்குப் பிள்ளைமீது பற்றுக் குறைந்துவிடுகிறது. சிலர் திரும்பி வருவதே இல்லை. ஆகவே தாய்மாரை அருகிலேயே வைத்துப் பாலூட்டச் செய்தார். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்த இந்த உண்மையை மருத்துவமனைகள் பிறகு எப்படி மறந்தன என்பது எனக்குப் புரியாத புதிர்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் விந்தை. நியூயார்க்கின் கோனி தீவுப் பொழுதுபோக்குத் திடலில் 1903 முதல் 1943 வரை மார்ட்டின் கூனி என்பவர் குறைமாதக் குழந்தைகளை இங்குபேட்டர்களில் வைத்துக் கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குக் காட்டினார். அந்த வருமானத்தில்தான் பராமரிப்பு நடந்தது. பெற்றோரிடம் ஒரு காசும் வாங்கவில்லை. அவர் முறையாக மருத்துவம் படித்தவரா என்பதே ஐயத்துக்குரியது. காப்பாற்றப்பட்ட குழந்தைகளோ ஆயிரக்கணக்கில்.

---

காவிரிக்கரை அம்மா

தாமிரபரணித் தம்பிக்கு ஒரு தாயாக எழுதுகிறேன். என் மகன் 29 வாரத்தில் 1,080 கிராமில் பிறந்து 41 நாள் உள்ளே இருந்தான். இப்போது மூன்றாம் வகுப்பு.

அந்த நாள்களில் பெட்டியின் மேல் மற்றவர்கள் குறிப்பேட்டையும் மருந்துப் புட்டியையும் சட்டென்று வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் நான் காதை அதனருகே வைத்துக் கேட்டபோதுதான் உள்ளே அந்தச் சத்தம் எப்படி இடிக்கும் என்று புரிந்தது. பக்கவாட்டுக் கதவை மெல்லச் சாத்துங்கள். மேலே விரலால் தட்டி அழைக்காதீர்கள். குழந்தை தூங்கும் நேரத்தில் பெட்டியின் மேல் துணி போர்த்தலாமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. வீட்டுக்கு அனுப்பும்போது கண் பரிசோதனையைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் அழுத்திச் சொல்லவில்லை. சீட்டின் அடியில் ஒரு வரி மட்டும் இருந்தது. என் அண்ணி அதைப் படித்துக் கேட்டதால் தப்பித்தோம். விழித்திரையில் பாதிப்புத் தொடங்கியிருந்தது. லேசர் சிகிச்சை செய்தார்கள். இன்று கண்ணாடி அணிகிறான், அவ்வளவுதான். ஒரு வாரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் கை நடுங்குகிறது.

---

பச்சிளங்குழந்தை மருத்துவன்

அம்மா எழுதியதை அடிக்கோடிடுகிறேன், ஏனென்றால் இங்குபேட்டர் வரலாற்றின் மிகப் பெரிய துயரம் இதுதான். 1940-களில் காற்றுப்புகாத நல்ல பெட்டிகள் வந்ததும் உள்ளே பிராணவாயுவைத் தாராளமாகச் செலுத்தினார்கள். அதிகம் கொடுத்தால் நல்லது என்ற நம்பிக்கை. முதிராத விழித்திரையின் இரத்தக்குழாய்கள் அதனால் தாறுமாறாக வளர்ந்தன. 1950-களின் நடுவில் காரணம் உறுதிப்படுவதற்குள் உலகில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தனர். வசதி மிக்க மருத்துவமனைகளிலேயே அது அதிகம் நடந்தது என்பதை ஐயன்பேட்டை நண்பர் கவனிக்க வேண்டும். பிறகு பயந்துபோய்ப் பிராணவாயுவை அளவு மீறிக் குறைத்தபோது இறப்புகள் கூடின. இன்று குழந்தையின் காலில் கட்டும் உணரியைப் பார்த்து, இரத்தத்தில் பிராணவாயுவின் செறிவு 90-க்கும் 95 விழுக்காட்டுக்கும் இடையில் நிற்குமாறு கூட்டிக் குறைக்கிறோம். 100 என்று காட்டினால் பெற்றோர் மகிழ்கிறார்கள். வாயு கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தைக்கு 100 எங்களைக் கவலைகொள்ள வைக்கும் எண்.

நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 2,000 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் பிறந்த 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் இரண்டு மூன்று வாரத்திலேயே செய்ய வேண்டும்.

---

மட்டக்களப்பான்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். என் தங்கையின் பிள்ளை நிறைமாதத்தில் மூன்று கிலோ நிறையோடு பிறந்தது. ஆனால் பிறந்தவுடன் அழவில்லை. அந்தப் பிள்ளையைப் பெட்டிக்குள் வைக்காமல், மேலே சூடாக்கி பொருத்திய திறந்த படுக்கையில் வைத்திருந்தார்கள். நோயுற்ற பிள்ளைக்குப் பெட்டி வேண்டாமா? வேறோர் இடத்தில் இப்படியான பிள்ளைகளைக் குளிர வைப்பார்கள் என்றும் கேள்விப்பட்டுக் குழம்பியிருக்கிறேன்.

---

வைகைச் செவிலி

அது வார்மர் என்று நாங்கள் சொல்வது, ஐயா. மூச்சுக்குழாய் போடவும், ஊசி ஏற்றவும், பலர் சூழ்ந்து நின்று வேலை செய்யவும் திறந்த படுக்கைதான் வசதி. ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்தால் உள்ளிருக்கும் சூடு முழுவதும் போய்விடும். மூன்று கிலோக் குழந்தையின் தோல் முதிர்ந்தது என்பதால் திறந்திருப்பதால் வரும் நீரிழப்பைத் தாங்கிக்கொள்ளும். சிறிய குழந்தைக்குத்தான் அது ஆகாது.

---

பச்சிளங்குழந்தை மருத்துவன்

குளிர்விப்பதைப் பற்றி: பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு குறைந்த நிறைமாதக் குழந்தைகளுக்கு, உடலை 33.5 பாகை அளவில் 72 மணி நேரம் வைப்பது மேலை நாடுகளில் பயன் தந்த சிகிச்சை. அதை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டபோது, இங்கே அது பயன் தரவில்லை. குளிர்வித்த குழுவில் இறப்பு கூடுதலாகவே இருந்தது. ஆகவே உங்கள் மருத்துவமனை அதைச் செய்யவில்லை என்பதைக் குறையாக எண்ண வேண்டாம்.

---

தாமிரபரணிக்காரன்

அனைவருக்கும் நன்றி. நேற்று என் மனைவி மூன்று தடவையாக மொத்தம் ஏழு மணி நேரம் குழந்தையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் சிஸ்டர் வெப்பநிலை பார்த்தார்; 36.7, 36.9 என்றே இருந்தது. பால் சுரப்பதும் கூடியிருக்கிறது என்கிறாள். மாற்றும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிட்டோம். மூன்று கேள்விகள் மிச்சமிருக்கின்றன: இரவில் மனைவி தூங்க வேண்டுமே, நான் கட்டிக்கொள்ளலாமா? பெட்டியிலிருந்து முழுதாக எப்போது வெளியே வருவாள்? வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட வேண்டும் என்று மாமியார் இப்போதே சொல்கிறார், செய்யலாமா?

---

வைகைச் செவிலி

தாராளமாக நீங்கள் செய்யலாம். உங்கள் மாமியாரும் செய்யலாம். சளி, காய்ச்சல், தோல் நோய் இருக்கக் கூடாது, கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வேண்டும், மோதிரமும் கடிகாரமும் கூடாது. பெட்டியின் சுவர் கிருமியைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கிருமி உள்ளே போவது நம் கையோடுதான். குழந்தையின் தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து மடங்காமல், மூக்கு தெரியும்படி இருக்க வேண்டும். நீங்கள் ஆழ்ந்து உறங்கிவிடுவீர்கள் என்றால் குழந்தையைப் பெட்டியில் விட்டுவிட்டுத் தூங்குங்கள். பெட்டி அதற்காகவும் இருக்கிறது.

எப்போது வெளியே என்பதற்கு நாளைக் குறித்துச் சொல்ல முடியாது. நாள்தோறும் எடை ஏறிக்கொண்டிருக்க வேண்டும், மூச்சை மறந்து நிறுத்துவது நின்றிருக்க வேண்டும். பெட்டியின் சூட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்து, சட்டையும் தொப்பியும் காலுறையும் போட்டுப் பார்ப்போம், அப்போதும் 36.5-க்குக் கீழே இறங்காமல் எடையும் கூடினால் வெளியே வந்துவிடலாம். பெரும்பாலும் 1,600 கிராமைத் தாண்டும்போது முயல்வோம். அதற்குள் குழாயிலிருந்து பாலாடைக்கு மாறுவாள். 34 வாரம் ஆகும்போது உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒத்துவரும், நேராக மார்பில் குடிக்கத் தொடங்குவாள்.

எண்ணெயும் குளியலும் நாங்கள் சொல்லும்வரை வேண்டாம். ஒரு குளியலில் அரை மணி நேரத்துக்குள் உடல் குளிர்ந்துவிடும், ஈரத்துணியால் துடைத்தால் போதும். சாம்பிராணிப் புகை எப்போதுமே வேண்டாம். இந்த நுரையீரல் அதைத் தாங்காது. மாமியாருக்குக் கை சும்மா இருக்க வேண்டாம் என்றால் இரண்டு பருத்தித் தொப்பி தைத்துத் தரச் சொல்லுங்கள்.

கண் பரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பிறந்த நாளிலிருந்து முப்பதை எண்ணி, அந்தத் தேதியை நாள்காட்டியில் இன்றே வட்டமிட்டுவிடுங்கள்.